இணையத் தொலைபேசியை வீட்டிலும் சிறு காரியாலயத்திலும் நிறுவுதல்: மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

அகலப்பட்டை இணைய இணைப்பின் மேல் சாதாரண மேசைத் தொலைபேசியை இயக்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தோட்டக் காரியாலயம், நகரத்துக் கடை, விருந்தினர் விடுதி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு ஆகியவற்றை மனதில் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் அழைப்பே போதும் என்பவர்களுக்கு இதில் வேலையில்லை. தமக்கென ஓர் இலக்கம் வேண்டும், அதை எவரும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்க முடிய வேண்டும் என்பவர்களுக்கே இது.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் கருவியை முதலில் வாங்கிவிட்டு இணைப்பைப் பற்றிப் பிறகு யோசிக்கிறார்கள். வேலை நடக்க வேண்டிய திசை நேர்மாறானது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தொடங்கி, மின்சாரம், ரவுட்டர், சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு சேர்க்கும் ஏ.டி.ஏ. பெட்டி என்று ஒவ்வொன்றையும் உறுதிசெய்துகொண்டு கடைசியில்தான் தொலைபேசிக்கு வர வேண்டும். முந்திய படியில் விட்ட குறை, பிந்திய படியில் வேறொரு பொருளின் கோளாறாகத் தோன்றுவதால், இந்த ஒழுங்கைத் தவறவிட்டவர்கள் நல்ல தொலைபேசியைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

இணைய இணைப்பும் அதன் மோடமும் ரவுட்டரும், ஒரு ஏ.டி.ஏ. பெட்டி, தொனி முறையில் இலக்கம் அழுத்தும் சாதாரண மேசைத் தொலைபேசி, இரண்டு லேன் வயர்கள், ரவுட்டரை வயர் மூலம் அணுகக்கூடிய ஒரு மடிக்கணினி. ஏ.டி.ஏ. என்பது சாதாரணத் தொலைபேசியின் ஒலியை இணையப் பொதிகளாக, அதாவது சிறு சிறு தரவுத் துண்டுகளாக, மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி. லேன் வயரை நேரடியாக ஏற்கும் ஐ.பி. தொலைபேசி இருந்தால் இந்தப் பெட்டி தேவையில்லை. மற்ற எல்லாப் படிகளும் அதற்கும் பொருந்தும்.

ஏ.டி.ஏ. வாங்கும்போது அதன் தொலைபேசித் துளை எஃப்.எக்ஸ்.எஸ். வகையா எஃப்.எக்ஸ்.ஓ. வகையா என்று பார்த்து வாங்குங்கள். முதலாவது வகை தொலைபேசிக்கு மின்னழுத்தமும் மணியோசையும் கொடுப்பது. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்பைப் பெற்றுக்கொள்வது. நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டு துளைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மலிவாகக் கிடைத்தது என்று பழைய பெட்டியை வாங்கி வந்து டயல் ஓசையே வரவில்லை என்று திகைப்பவர்கள் அதிகம்.

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் இப்போதே தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஏழாம் படியில் வேலை நின்றுவிடும்.

2. வீட்டுக்கு வரும் வழி எதுவென அறிதல்

இணைய இணைப்பு எந்த வழியில் வருகிறது என்பதே அடுத்த படிகள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே விளம்பரத்தில் சொல்லும் வேகத்தைப் பார்க்காமல், சுவரைத் துளைத்து உள்ளே வரும் வயரைப் பாருங்கள்.

கேபிள் இணைப்பு என்றால் தொலைக்காட்சிக்குப் பயன்படும் அதே தடித்த கோஆக்ஸியல் வயர் வரும். சேவை நிலையத்திலிருந்து சுற்றுவட்டாரத்துக் கணு (வீடுகளுக்கு வயர்கள் பிரியும் இடம்) வரை கண்ணாடி இழையும், கணுவிலிருந்து வீடுகள் வரை கோஆக்ஸியலும் செல்கின்றன. ஒரு கணுவின் கீழுள்ள வீடுகள் யாவும் அந்த வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. நிலையத்திலிருந்து வருவது எல்லா மோடங்களுக்கும் ஒருங்கே வந்துசேரும். ஆனால் வீட்டிலிருந்து ஒன்றை அனுப்ப வேண்டுமானால் மோடம் முதலில் நிலையத்திடம் நேரத்துண்டு கேட்க வேண்டும், அது கிடைத்த பிறகே அனுப்ப வேண்டும். இணையப் பக்கம் பார்ப்பவருக்கு இந்தக் காத்திருப்பு தெரியாது. பேசுபவரின் குரலோ எதிர்முனையில் துண்டு துண்டாகக் கேட்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே 1999இல் வெளியான, கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் 1.1 தரம், பேச்சுக்கு மட்டும் மோடம் கேட்காமலேயே சீரான இடைவெளியில் நேரத்துண்டு ஒதுக்கும் முறையைச் சேர்த்தது. கேபிள் நிறுவனமே தொலைபேசித் துளையுடன் கொடுக்கும் மோடத்துக்கு இந்த ஒதுக்கீடு கிடைக்கும். நீங்கள் வேறிடத்தில் வாங்கி மோடத்தின் பின்னால் செருகும் ஏ.டி.ஏ.வுக்கு அது கிடைக்காது. அதன் பேச்சு, பக்கத்து வீட்டுக்காரரின் காணொளியோடு சேர்ந்து வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரே வயரில் நிறுவனத்தின் தொலைபேசி தெளிவாகவும் உங்கள் தொலைபேசி மாலை வேளையில் விக்கலாகவும் கேட்பதற்குக் காரணம் இதுவே.

கேபிளில் இன்னொரு கண்ணி உண்டு. தொலைக்காட்சிக்காக மட்டும் போடப்பட்ட பிரிப்பான்களும் சமிக்ஞை பெருக்கிகளும் பல வீடுகளில் நடுவழியில் மாட்டப்பட்டிருக்கும். ஒருவழிப் பெருக்கி வரும் சமிக்ஞையைக் கூட்டிக் கொடுக்கும், போகும் சமிக்ஞையை அடைத்துவிடும். மோடத்துக்குப் போகும் வயரை முதலாவது பிரிப்பானிலேயே தனியே எடுத்துவிட்டு, மற்றக் கிளையில் தொலைக்காட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேபிள் மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியில் சமிக்ஞை நிலைப் பக்கம் திறக்கும். வரும் சமிக்ஞை பூச்சியத்துக்கு அருகே, கூடக்குறைய 7 டெசிபெல் மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அனுப்பும் சக்தி 50ஐத் தாண்டி நின்றால் மோடம் கத்திக் கத்திப் பேசுகிறது என்று பொருள். வயரிலோ இணைப்பிலோ பழுதிருக்கிறது. நமது பனியிலும் ஈரத்திலும் கூரையோரத்து இணைப்பிகள் பச்சை பிடித்துப் போவது சாதாரணம் என்பதால், முதலில் அவற்றைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஃபைபர் இணைப்பு வந்திருந்தால் வேலை பாதி முடிந்தது போலத்தான். சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியிலேயே தொலைபேசித் துளை ஒன்று இருக்கும். நிறுவனம் தரும் 051, 052, 057 போன்ற இலக்கம் அதன்வழி இணையத் தொலைபேசியாகவே இயங்குகிறது, இணையத் தரவிலிருந்து பிரிக்கப்பட்டு முன்னுரிமையோடு செல்கிறது. உள்ளூர் இலக்கம் ஒன்றே தேவை என்றால் அதைக் கேட்டுப் பெறுங்கள்; ஏ.டி.ஏ. வாங்க வேண்டாம்.

செப்புக் கம்பி வழியான ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் 1 மெகாபிட்டை ஒட்டியே நிற்கும். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அதுவும் குறையும். நகரத்தை விட்டுத் தோட்டங்களுக்குள் போகும் கம்பிகள் நீண்டவை. பேச்சுக்கு அது போதும், ஆனால் ஏழாம் படியை ஒரு வரிகூட விடாமல் செய்ய வேண்டும்.

4ஜி ரவுட்டரில் பேச்சின் தரம் கோபுரம் தெரிகிறதா, மலை மறைக்கிறதா என்பதைப் பொறுத்தது. ரவுட்டரை வரவேற்பறை அலுமாரியின் மேல் வைக்காமல் கோபுரம் இருக்கும் திசையின் சன்னலோரம் வையுங்கள். செயற்கைக்கோள் வழி என்றால் எந்த வகை என்று கேளுங்கள்: 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியே குரல் ஏறி இறங்குவதற்கே கால் வினாடி போய்விடும், தாழ்வான பாதையில் சுற்றுவனவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

3. பேச்சுக்குப் போதுமா என அளத்தல்

வேகச் சோதனையில் 20 மெகாபிட் காட்டுகிறது என்பதால் பேச்சு நன்றாக இருக்கும் என்று முடிவுசெய்வது பெரும்பாலோர் செய்யும் பிழை. பேச்சுக்கு வேகம் கொஞ்சம்தான் தேவை. சாதாரணத் தொலைபேசித் தரமான ஜி.711 முறையில் குரல் வினாடிக்கு 8,000 தடவை அளக்கப்பட்டு 64 கிலோபிட் ஆகிறது. 20 மில்லிவினாடிக்கு ஒன்றாகப் பொதி கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரித் தாள் ஒட்டும்போது அது ஏறக்குறைய 80 கிலோபிட் ஆகும். ஜி.729 முறையில் குரல் 8 கிலோபிட்டாகச் சுருங்கும். பொதியோடு சேர்த்து 24. இவை ஒரு திசைக்கானவை, மறுதிசைக்கும் அவ்வளவே வேண்டும்.

டேட்டா அளவுக்குப் பணம் கட்டுபவர்கள் இதையே வேறு விதமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஜி.711 முறையில் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 72 மெகாபைட்டை எடுக்கும், ஜி.729 முறையில் சுமார் 22 மெகாபைட்டை.

பேச்சுக்கு உண்மையில் முக்கியமானவை மூன்று: தாமதம், அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டர், தொலைந்துபோகும் பொதிகள். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேசுபவர்கள் அதை உணர்வதில்லை என்றும், 400ஐத் தாண்டக் கூடாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீற்றருக்கு 5 மில்லிவினாடி எடுப்பதால், கொழும்பு வரையான தூரம் கணக்கில் வராது. தொராண்டோவில் இருக்கும் மகளோடு பேசும்போது அது கணக்கில் வரும். எந்தக் கருவியை மாற்றினாலும் அதைக் குறைக்க முடியாது.

அளக்கும் முறை இது. மடிக்கணினியை வைஃபையில் இல்லாமல் லேன் வயரில் செருகுங்கள். சிறு பொதி ஒன்று போய்த் திரும்பும் நேரத்தை மில்லிவினாடியில் காட்டும் பிங் கட்டளையை, சேவை நிறுவனம் தரும் வழங்கியின் முகவரிக்கு 200 தடவை ஓடவிடுங்கள். சராசரியைப் பார்த்துவிட்டு விட்டுவிடாமல் மிகக் கூடிய பெறுமதியையும் இழப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 60 ஆகவும் உச்சம் 70 ஆகவும் இருக்கும் இணைப்பு, சராசரி 30 ஆகவும் உச்சம் 400 ஆகவும் இருக்கும் இணைப்பை விடப் பேச்சுக்குச் சிறந்தது. இழப்பு நூற்றுக்கு ஒன்றை எட்டக் கூடாது.

அதன் பிறகு ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். 1,500 பைட் பொதி ஒன்று 512 கிலோபிட் வழியில் ஏறுவதற்கு 23 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட பொதிகள் நாற்பது ரவுட்டரின் வரிசையில் குவிந்தால் குரல் ஏறக்குறைய ஒரு வினாடி காத்திருக்கும். கைத்தொலைபேசிகள் தாமாகவே படங்களைப் பதிவேற்றும் வீடுகளில் இது நாள்தோறும் நடக்கிறது. சோதனையை ஒருநாள் முற்பகலிலும், ஒருநாள் இரவு எட்டு மணிக்கும் செய்ய வேண்டும், ஏனெனில் பகிரப்படும் வழிகளின் உண்மை நிலை இரவில்தான் தெரியும்.

4. இலக்கத்தையும் கணக்கையும் பெறுதல்

அளவீடு திருப்தி என்றால் மட்டுமே பணம் கட்டுங்கள். சேவையைத் தெரிவுசெய்யும்போது உங்களை அழைப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். உள்ளூர் வாடிக்கையாளர் அழைப்பார் என்றால் உள்ளூர் இலக்கம் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளே அழைப்பார்கள் என்றால் அவர்கள் ஊரின் இலக்கம் ஒன்றை அவர்களே வாங்கி, கணக்கு விவரத்தை இங்கே அனுப்பலாம். அவர்களுக்கு அது உள்ளூர் அழைப்பாகிவிடும். ஆனால் அந்தச் சேவையின் நிபந்தனைகள் வேறு நாட்டில் வைத்துப் பயன்படுத்த இடமளிக்கின்றனவா என்பதை அவர்களே முதலில் வாசிக்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள்: எஸ்.ஐ.பி. (இணையத்தில் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் விதிமுறை) வழங்கியின் பெயர், பயனர் பெயர், உறுதிப்படுத்தும் பெயர், கடவுச்சொல், துறை (போர்ட்) எண், ஏற்கப்படும் குரல் முறைகள் (கோடெக்), விசைத் தொனி அனுப்பும் முறை. பயனர் பெயரும் உறுதிப்படுத்தும் பெயரும் சில நிறுவனங்களில் ஒன்றே, சிலவற்றில் வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்காதவர்கள் எட்டாம் படியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் பற்றி ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வரும் மற்றவர்களின் அழைப்புகளை உங்கள் இணைப்பின் வழியே உள்ளூர் வலையமைப்பில் இறக்கிவிட்டுக் காசு வாங்குவது, உரிமம் இன்றிச் செய்யக் கூடிய தொழில் அல்ல. இது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருவது. சும்மா ஒரு பெட்டியை வீட்டில் வைத்தால் மாதம் இவ்வளவு தருகிறோம் என்று யாராவது சொன்னால் வைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவருபவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவையா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

5. மின்சாரமும் இடியும்

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருண்டாலும் அது ஒலித்தது. இணையத் தொலைபேசியில் மோடம், ரவுட்டர், ஏ.டி.ஏ. மூன்றுக்கும் வீட்டு மின்சாரம் தேவை. ஒன்று அணைந்தாலும் பேச்சு இல்லை. ஆகவே மின்வெட்டின்போது கைகொடுக்கும் பேட்டரி இல்லாமல் இணையத் தொலைபேசியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மூன்று கருவிகளின் அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் அளவுகளைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சில ஏ.டி.ஏ. பெட்டிகள் 5 வோல்ட். மூன்றும் சேர்ந்து உண்மையில் 15 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய பேட்டரியில் 84 வாட்-மணி உண்டு. ஆனால் பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அப்படியானால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். வோல்ட் பொருந்தாத அடாப்டரை மாற்றிச் செருகி 5 வோல்ட் பெட்டியை 12 வோல்ட்டில் எரிப்பது இந்தப் படியின் வழக்கமான விபத்து. ஒவ்வோர் அடாப்டரின் தலையிலும் எந்தக் கருவிக்குரியது என்று நிறமட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இடியைப் பற்றி மலையகத்தாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி, மோடங்களைக் கொன்றுகொண்டே இருக்கும். பலரும் மின் செருகியை மட்டும் கழற்றிவிட்டுத் தொலைபேசிக் கம்பியையும் கோஆக்ஸியலையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மின்னேற்றம் பெரும்பாலும் அந்த உலோகக் கம்பிகளின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இரண்டையும் கழற்ற வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆயினும் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் வயரில் அதைத் தாங்கும் இரும்புக் கம்பி இருக்கலாம். அது வீட்டுச் சுவரோடு நிற்க வேண்டும், பெட்டி வரை வரக் கூடாது. இந்த மின்னேற்றத்தைத் தடுக்கும் காப்புச் சாதனம் வாங்கினால் அது நிலத்தொடுப்பு உள்ள சொக்கெட்டில் செருகப்பட வேண்டும். நிலத்தொடுப்பு இல்லாத பழைய லயன் வீட்டு மின்னமைப்பில் அந்தச் சாதனத்தால் பெரிதாகப் பயனில்லை. மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு நிலத்தொடுப்பைச் சரிபார்த்த பின்னரே அதற்குக் காசு செலவழியுங்கள்.

6. வயர்களை இணைக்கும் ஒழுங்கு

கம்பத்திலிருந்து வரும் வயர் மோடத்துக்கு; மோடத்திலிருந்து லேன் வயர் ரவுட்டருக்கு; ரவுட்டரிலிருந்து இன்னொரு லேன் வயர் ஏ.டி.ஏ.வுக்கு; ஏ.டி.ஏ.வின் தொலைபேசித் துளையிலிருந்து தொலைபேசிக்கு. மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் ஒரு வயர் குறையும். மின்சாரத்தையும் இதே ஒழுங்கில் கொடுங்கள், ஒவ்வொன்றின் விளக்கும் நிலைபெறும் வரை காத்திருந்து அடுத்ததைப் போடுங்கள். ஏ.டி.ஏ. முதலில் எழுந்துவிட்டால் முகவரி கிடைக்காமல் சோர்ந்து நிற்கும்.

வீட்டில் முன்பே போடப்பட்ட தொலைபேசி வயர்களைப் பயன்படுத்தி நான்கு அறைகளிலும் மணி ஒலிக்கச் செய்யலாம். ஆனால் அதற்கு முன், வெளியிலிருந்து வரும் பழைய தொலைபேசிக் கம்பியை வீட்டு வயரிலிருந்து முற்றாகப் பிரித்துவிட வேண்டும். நிலையத்தின் 48 வோல்ட்டும் மணியோசைக்கான ஏறத்தாழ 90 வோல்ட்டும் ஏ.டி.ஏ.வின் துளைக்குள் பாய்ந்தால் அது அன்றோடு முடிந்தது. சுவரிலுள்ள சொக்கெட்டில் ஏ.டி.ஏ.வைச் செருகும் முன், சாதாரணத் தொலைபேசி ஒன்றை அதில் செருகி, ஓசை எதுவும் வரவில்லை என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

7. ரவுட்டரைத் தயார்படுத்துதல்

பெரும்பாலான கோளாறுகள் பிறக்கும் இடம் இது, ஆனால் புதியவர்கள் கடைசியில்தான் இங்கே வருகிறார்கள்.

முதலில் ஏ.டி.ஏ.வுக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். அடுத்து எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். உதவி செய்வதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த வசதி, கடந்துபோகும் அழைப்புச் செய்திகளைத் திறந்து முகவரிகளைத் திருத்துகிறது, ஏ.டி.ஏ.வும் அதையே தன் பங்குக்குச் செய்வதால் இரண்டு திருத்தங்களும் மோதிக்கொள்கின்றன. ஒருபக்கக் குரல், ஒலிக்காத மணி போன்ற பலவற்றுக்கும் மூலம் அதுதான்.

மூன்றாவதாக, பதிவேற்ற வேகத்துக்கு நீங்களே ஒரு வரம்பு கட்டுங்கள். இரவில் அளந்த பதிவேற்ற வேகத்தில் நூற்றுக்கு 85 முதல் 90 வரையான அளவை ரவுட்டரில் முன்னுரிமைகளை அமைக்கும் கியூ.ஓ.எஸ். பகுதியில் கொடுத்து, ஏ.டி.ஏ.வின் முகவரிக்கு உயர் முன்னுரிமை வழங்குங்கள். வேகத்தைக் குறைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் வரம்பு கட்டாவிட்டால் வரிசை மோடத்துக்குள் உருவாகிறது, அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. வரம்பு கட்டினால் வரிசை ரவுட்டருக்குள் உருவாகிறது, அங்கே குரலை முன்னால் விட முடிகிறது.

நான்காவது, மோடத்துக்குள் ஒரு ரவுட்டரும் அதன் பின்னால் இன்னொரு ரவுட்டருமாக இரண்டு இருந்தால் ஒன்றைப் பாலம் (பிரிட்ஜ்) போன்ற எளிய நிலைக்கு மாற்றுங்கள். 4ஜி இணைப்பில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நிறுவனமும் ஒரு பொது ரவுட்டரின் பின்னால் உங்களை வைத்திருக்கிறது. அதை நீங்கள் மாற்ற முடியாது, அடுத்த படியில் ஈடுகட்டலாம்.

எஸ்.ஐ.பி. செய்திகள் வழக்கமாகச் செல்லும் 5060ஆம் துறையை வெளியிலிருந்து திறந்துவிடும்படி சில காணொளிகள் சொல்கின்றன. செய்ய வேண்டாம். திறந்த 5060ஐத் தேடி இணையம் முழுவதும் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் உள்ளன. கடவுச்சொல் எளிதானால் உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள் ஒரே இரவில் ஏறிவிடும்.

8. ஏ.டி.ஏ.வுக்குக் கணக்கைக் கொடுத்தல்

ஏ.டி.ஏ.வின் உள்முகவரியை ரவுட்டரின் பட்டியலில் பார்க்கலாம். சில வகைகளில் தொலைபேசியைத் தூக்கி உடுக்குறியை மூன்று முறை அழுத்தினால் குரல் வழிகாட்டி பேசும். அந்த முகவரியை மடிக்கணினியின் உலாவியில் திறந்து, எதையும் செய்யும் முன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பிறகு நான்காம் படியில் வாங்கிய விவரங்களை எழுதுங்கள். வெட்டி ஒட்டும்போது கடவுச்சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத பிழை. குரல் முறைகளில் ஃபைபருக்கும் கேபிளுக்கும் ஜி.711ஐ முதலில் வையுங்கள்; மெலிந்த ஏ.டி.எஸ்.எல்., 4ஜி இணைப்புகளுக்கு ஜி.729ஐ முதலில் வைப்பது நல்லது. விசைத் தொனிக்கு ஆர்.எஃப்.சி. 2833 முறையைத் தெரிவுசெய்யுங்கள். சுருக்கிய குரலோடு தொனியும் சுருங்கிப்போனால், வங்கியின் தானியங்கிக் குரல் நீங்கள் அழுத்திய இலக்கத்தை ஏற்காது.

உயிர்த்துடிப்புச் செய்தியை (கீப்-அலைவ்) 20 முதல் 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பும்படி அமையுங்கள். ரவுட்டர் வெளியே திறந்து வைத்திருக்கும் வழியை, சிறிது நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் மூடிவிடும். மூடிய பின் உள்வரும் அழைப்பு வாசலில் நின்று திரும்பிவிடும். 4ஜி பயனாளருக்கு இது கட்டாயம்.

இலக்க ஒழுங்கு அட்டவணையை (டயல் பிளான்) கவனமாக நிரப்புங்கள். வெளிநாட்டுப் பெட்டிகள் தம் நாட்டு இலக்க நீளத்துக்கே பழக்கப்பட்டவை. இங்கே பூச்சியத்தில் தொடங்கும் 10 இலக்கங்கள், இரண்டு பூச்சியத்தில் தொடங்கும் நீளம் குறிப்பிடாத வெளிநாட்டு இலக்கங்கள், 119 போன்ற மூன்று இலக்கங்கள், 1990 போன்ற நான்கு இலக்கங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி விதி வேண்டும். விதி இல்லாவிட்டால் பெட்டி இன்னும் இலக்கம் வரும் என்று சில வினாடிகள் காத்திருக்கும். பழகும் வரை இலக்கத்தின் முடிவில் சதுரக்குறியை (#) அழுத்தினால் அழைப்பு உடனே புறப்படும். நேர வலயத்தை ஐந்தரை மணி முன்னிலைக்கு மாற்றுவதையும் மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அழைப்புப் பதிவுகள் குழப்பும்.

9. சோதித்தல்

பதிவு விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கணக்கு ஏற்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. குரல் வேறு வழியாகப் போகிறது.

முதலில் நிறுவனத்தின் எதிரொலி இலக்கம் இருந்தால் அதை அழைத்து உங்கள் குரல் திரும்பி வருகிறதா என்று கேளுங்கள். அடுத்துக் கைத்தொலைபேசிக்கு அழையுங்கள். பிறகு கைத்தொலைபேசியிலிருந்து உள்ளே அழையுங்கள். அதன் பின் ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு மீண்டும் உள்ளே அழையுங்கள். உயிர்த்துடிப்பு வேலை செய்கிறதா என்பதை இதுவே காட்டும். கடைசியாக, யாராவது ஒரு காணொளியைப் பதிவேற்றிக்கொண்டிருக்க அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓர் அழைப்பு. பல கோளாறுகள் குறிப்பிட்ட நேரத்தில்தான் தலைகாட்டும்.

10. கோளாறு சொல்லும் செய்தி

அழைப்பு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 32 வினாடியில் அறுந்தால் இணைப்பு மெதுவானது என்று எண்ண வேண்டாம். அழைப்பை ஏற்றதற்கான உறுதிச் செய்தி ஒருமுனைக்கு வந்துசேரவில்லை, எஸ்.ஐ.பி. விதிப்படி காத்திருக்கும் கால எல்லை அதுதான். எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.யை மீண்டும் பாருங்கள். பதினைந்து நிமிடம், முப்பது நிமிடம் என்று ஒழுங்காக அறுந்தால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் அமர்வுக் கடிகாரத்தைப் புதுப்பிக்கும் செய்தி தடைபடுகிறது.

நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டு, அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காவிட்டால் குரல் பொதிகள் ரவுட்டரைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஏ.டி.ஏ.வுக்குத் தன் வெளிமுகவரியைச் சொல்லிக் கொடுக்கும் ஸ்டன் வழங்கியைச் சேர்ப்பதும் இரட்டை ரவுட்டரை நீக்குவதும் இதற்கு மருந்து. இருபக்கமும் கேட்டு, ஆனால் உங்கள் குரல் மட்டும் அவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்டால் பதிவேற்றத்தில்தான் சிக்கல். உங்கள் சொந்தக் குரல் உங்களுக்கே எதிரொலித்தால் பெரும்பாலும் எதிர்முனையின் தொலைபேசியோ அதன் சத்தமோதான் காரணம். உங்கள் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெளியே அழைக்க முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் சில வேளைகளில் ஒலிப்பதில்லை என்றால் உயிர்த்துடிப்பு. மழை பெய்யும் நாட்களில் மட்டும் இழுபறி என்றால் வெளி இணைப்பி.

தொலைநகல் அனுப்புவோர், அதை இணையத்தின் வழி கொண்டுசெல்லும் டி.38 முறையைச் சேவை நிறுவனம் ஏற்கிறதா என்று கேட்க வேண்டும். ஏற்காவிட்டால் ஜி.729இல் அது நிச்சயம் போகாது, ஜி.711இல் போகலாம், போகாமலும் விடலாம்.

11. அவசர அழைப்பும் பழைய இணைப்பும்

மகள் தொராண்டோவிலிருந்து அனுப்பிய இலக்கம் ஹட்டனில் உள்ள வீட்டில் ஒலிக்கிறது என்பதால் அது ஹட்டன் தொலைபேசியாகிவிடாது. அதில் அந்நாட்டு அவசர இலக்கமான 911ஐ அழுத்தினால், கணக்கில் பதிந்த கனடிய முகவரிக்கு உதவி புறப்படலாம். 119க்கோ, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கோ அதன் வழியாகப் போக முடியாமல் இருக்கலாம். ஆகவே அந்தத் தொலைபேசியின் மேல் அவசரத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதி ஒட்டி, மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வயது முதிர்ந்தவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்ய வேண்டும்.

உள்ளூர் நிறுவனத்தின் இலக்கமானால் 119ஐச் சென்றடைகிறதா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். சோதிப்பதற்காகப் பொலிஸாரை அழைக்க வேண்டாம்.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசியை உடனே துண்டிக்கக் கூடாது. ஒரு பெருமழைக் காலமும் சில மின்வெட்டுகளும் கடந்த பின்னரும் புதியது நின்றுபிடித்தால், கடை அட்டைகளிலும் பெயர்ப்பலகையிலும் இலக்கத்தை மாற்றிவிட்டு, அதன் பிறகு துண்டிப்புக் கடிதம் எழுதுங்கள். ஏ.டி.எஸ்.எல். இணையமும் அதே கம்பியில்தான் வருகிறது என்றால் தொலைபேசியைத் துண்டிக்கும்போது இணையமும் போய்விடுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டே கையெழுத்திடுங்கள்.